மூச்சை விடச் சொல்றாங்களா, நிறுத்தச் சொல்றாங்களா?

1/ பிரான்ஸுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போறவங்களும், அங்க இருக்கிற பிள்ளைங்களைப் பார்க்கப் போற அம்மா அப்பாக்களும் இந்த இழையைச் சேமிச்சு வச்சுக்கோங்க. பிரெஞ்சு இலக்கணத்துல ஒரே ஒரு பாடம்: ஏவல் வினை. டாக்டருக்கு இலக்கணம் எதுக்குன்னு கேட்காதீங்க. வாயைத் திறங்க, இருமுங்க, படுங்க, அசையாதீங்கன்னு நாங்க நாள் முழுக்கப் பேசுறதே ஏவல்தான்.

2/ அடிப்படை எளிது. எழுவாயைத் தூக்கிடணும். "வூ ரெஸ்பிரே"ன்னா நீங்க மூச்சு விடுறீங்க. வெறும் "ரெஸ்பிரே"ன்னா மூச்சு விடுங்க. நம்ம வா, வாங்க மாதிரி மரியாதை வினையோட கடைசியிலயே இருக்கு: குழந்தைக்கு "ரெஸ்பிர்", பெரியவங்களுக்கு "ரெஸ்பிரே". மூணாவது வடிவம் "அலோன்", நம்ம "போகலாம்" மாதிரி. மொத்தமே மூணுதான்.

3/ எதிர்மறைக்கு வினைக்கு முன்னாடி "நெ", பின்னாடி "பா". "நெ பூஜே பா"ன்னா அசையாதீங்க. ஆனா பேச்சுல அந்த "நெ" பல நேரம் விழுந்துடும். "பூஜே பா"ன்னுதான் காதுல விழும். முதல் சொல்லோட நிறுத்திட்டீங்கன்னா "அசையுங்க"ன்னு அர்த்தம் ஆயிடும். கடைசி வரை கேளுங்க.

4/ நெஞ்சு எக்ஸ்ரேல இது முக்கியம். "நெ ரெஸ்பிரே ப்ளூ"ன்னா இனி மூச்சு விடாதீங்க. "நெ" விழுந்தா "ரெஸ்பிரே ப்ளூ". அதுவே "ரெஸ்பிரே ப்ளூ ஃபோர்"னு வந்தா இன்னும் பலமா மூச்சு விடுங்கன்னு அர்த்தம்! ஒரு சொல் கூடினதுக்கே தலைகீழ். அந்த நேரத்துல மூச்சு விட்டா படம் மங்கும், மறுபடி எடுக்க வேண்டி வரலாம்.

5/ மருத்துவ அவசரத்துக்கு அங்க 15. அப்பா மயங்கி விழுந்துட்டார்னு கூப்பிடுறீங்க. "அலோன்ஜே வூ"ன்னா நீங்க படுங்க. "அலோன்ஜே லெ"ன்னா அவரைப் படுக்க வைங்க. கடைசிச் சொல்தான் யாருன்னு சொல்லுது. எதிர்மறையில அது வினைக்கு முன்னாடி போயிடும்: "டொனே லுயி" அவருக்குக் கொடுங்க, "நெ லுயி டொனே ரியான்" அவருக்கு எதுவும் கொடுக்காதீங்க. "நெ ரக்ரோஷே பா"ன்னு சொன்னா போனை வைக்காதீங்க.

6/ மருந்துச் சீட்டுல பெரும்பாலும் இந்த வடிவமே இருக்காது. நம்ம "உட்கொள்ளவும்" மாதிரி பொதுவா, வினையோட மூல வடிவத்துல எழுதுவாங்க. அங்க "நெ பா" ரெண்டும் சேர்ந்து வினைக்கு முன்னாடி நிக்கும். அந்த ரெண்டு சொல்லைப் பார்த்தா "கூடாது"ன்னு புரிஞ்சுக்கோங்க.

7/ ஏவல் டாக்டருக்கு மட்டும் சொந்தமில்ல. நீங்களும் சொல்லலாம். "ரெபெத்தே, சில் வூ ப்ளே": தயவுசெஞ்சு திருப்பிச் சொல்லுங்க. "பார்லே லாந்த்மான்": மெதுவா பேசுங்க. புரியாம தலையாட்டுற நோயாளியைவிட, மூணு தடவை திருப்பிக் கேட்கிறவரைத்தான் எங்களுக்குப் பிடிக்கும். ஊருக்குக் கிளம்புற அம்மாவுக்கு இந்த ரெண்டு வரியையாவது சொல்லிக் கொடுத்து அனுப்புங்க.