நகத்தில் ஒரு பிறை

ஒளுச் செய்துவிட்டு வந்த ஒரு மனிதரின் பாதத்தில் ஒரு நகத்தின் அளவுக்கு இடம் நனையாமல் விடுபட்டிருந்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், திரும்பிச் சென்று ஒளுவைச் செம்மையாகச் செய்துவருமாறு பணித்தார்கள். அவரும் திரும்பிச் சென்று செய்துவிட்டுப் பிறகே தொழுதார். உமர் (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ள செய்தி இது. ஒரு நக அளவு இடம் என்பது எவ்வளவு சிறியது! பெருநாள் நெருங்கி, வீட்டில் நக அலங்காரம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த ஹதீஸ்தான் முதலில் நினைவுக்கு வரும்.

முன்பெல்லாம் அந்தப் பேச்சு, யார் வீட்டு மரத்தில் மருதாணி பறிப்பது என்பதோடு முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் காணொளி பார்க்கிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நக அலங்காரம் அதில் வருகிறது. ரமலான் என்றால் பிறையும் விண்மீனும் தொங்குவிளக்கும். என் மகளுக்கு இப்போது 13 வயது. 10 வயதிலேயே அவள் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டாள். அவளுடைய ஆசையில் குறை காண எனக்கு எதுவும் இல்லை. பெருநாளுக்கு அழகுபடுத்திக்கொள்வது நம் மார்க்கம் வெறுக்கும் காரியமன்று. எதைக் கொண்டு அழகுபடுத்துவது என்பதுதான் கேள்வி.

நெயில் பாலிஷ் நகத்தின் மேல் ஒரு படலமாகப் படிந்து காய்கிறது. உரித்தால் தோல்போல் உரிந்து வருகிறது. அதற்கு அடியில் நீர் போகாது. விளக்கொளியில் இறுக வைக்கும் ஜெல் பூச்சு இன்னும் கடினமானது. நினைத்த நேரத்தில் வீட்டில் எளிதாக எடுத்துவிட முடியாது. ஒளு மட்டுமல்ல, கடமையான குளிப்பும் அங்கே கேள்விக்குள்ளாகிறது. நீர் ஊடுருவும் என்று சொல்லி விற்கப்படும் பூச்சுகளும் கடைகளில் உண்டு. உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பித் தொழுகையைப் பணயம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. தொழுகை இல்லாத நாள்களில் பூசிக்கொண்டு, குளிப்பதற்கு முன் அழித்துவிடும் சகோதரிகளும் இருக்கிறார்கள். அது அவர்கள் விருப்பம். ஆனால் பெருநாள் நம் மாதக் கணக்கைப் பார்த்துக்கொண்டா வருகிறது? ஒட்டுவில்லைகள் வாங்கித் தந்தால் மஃரிபுக்கு ஒளுச் செய்த கையோடு ஒட்டி, அந்த ஒளு முறிந்தால் இஷாவுக்கு முன் உரிக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேர அழகு!

மருதாணியின் கதை வேறு. அதிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள், நகமும் தோலும் ஆகியிருக்கும் கெரட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. மேலே படலமாக நிற்பதில்லை. ஆகவே நிறம் ஒளுவுக்குத் தடையன்று. விழுதுதான் தடை. பெருநாள் இரவில் விரல்களில் அப்பிக்கொண்டு தூங்கி, ஃபஜ்ருக்கு அவசரமாக எழும் பிள்ளைகள் நக இடுக்கில் காய்ந்த பொருக்கோடு ஒளுச் செய்துவிடுகிறார்கள். ஒரு ஈர்க்குத் துண்டால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு ஒளுச் செய்யச் சொல்ல வேண்டும்.

இனி வரைவதைச் சொல்கிறேன். மூன்று பெருநாள்கள் நானும் மகளும் செய்து பார்த்துக் கற்றவை இவை.

பச்சை இலையாக இருந்தால் காம்பு நீக்கி ஆய்ந்து, சிறிது புளியும் ஒரு துண்டுக் கொட்டைப்பாக்கும் சேர்த்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வெண்ணெய்போல அரைக்க வேண்டும். மிக்ஸியில் இந்தப் பதம் வருவது கடினம், அம்மிதான் சரி. தொப்பி வைப்பதற்கு இது போதும். நுணுக்கமாக வரைய வேண்டுமானால் உலர்ந்த இலைப்பொடியே ஏற்றது. மெல்லிய வெள்ளைத் துணியில் இருமுறை சலித்து, எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் சர்க்கரையும் விட்டுக் குழைத்து, மூடி, காலை முதல் மாலைவரை வைத்துவிட வேண்டும். விழுதின் மேற்பரப்பு பழுப்பேறினால் சாயம் வெளிவந்துவிட்டது என்று பொருள். சர்க்கரை விழுதை உதிராமல் பிடித்துவைக்கும்.

நகத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நிறம் பிடிக்காது. பெருநாளுக்கு முந்தைய மாலையோ நம் வீடுகளில் பலகாரம் பொரிக்கும் நேரம்! அடுப்படியிலிருந்து வந்த கையை முதலில் சோப்பிட்டுக் கழுவி, எலுமிச்சைத் தோலால் நகங்களைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். அதே எண்ணெய் வேறொரு விதத்தில் உதவும். நகத்தைச் சுற்றியுள்ள தோலில் மட்டும் தேங்காய் எண்ணெயைப் பஞ்சால் தொட்டுத் தடவினால், அங்கே சாயம் அவ்வளவாக ஏறாது. நகத்தின் கோடு சுத்தமாக நிற்கும்.

பிறை வேண்டுமா? ஒட்டும் டேப்பைச் சிறு கத்தரியால் பிறைவடிவில் வெட்டி நகத்தில் ஒட்டி, ஓரங்களை அழுத்திவிட்டு, அதன்மேல் விழுதை அப்ப வேண்டும். காலையில் உரித்தால் சிவந்த வானத்தில் வெளிர் பிறை. இரண்டு நிறம் வேண்டுமானால் இரண்டு இரவு ஆகும். முதல் இரவு நகம் முழுதும் அரைமணி நேரம் மட்டும் வைத்துக் கழுவினால் இளஞ்செம்மஞ்சள் தங்கும். மறுநாள் இரவு அதன்மேல் ஈர்க்கின் நுனியால் புள்ளியோ கொடியோ வைத்து விடியும்வரை விட்டால், அந்த இடம் மட்டும் அடர்ந்து எழும். இதற்கு ரமலான் 28இல் தொடங்கிவிடுவது நல்லது. 29இல் பிறை தெரிந்துவிட்டால் இரண்டாவது இரவு கிடைக்காது. காலையில் நிறம் வெளிறித் தெரிகிறதே என்று பிள்ளைகள் முகம் வாடுவார்கள். ஒன்றிரண்டு நாளில் காற்றுப்பட்டு அது கருஞ்சிவப்பாகும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். சில நிமிடங்களிலேயே கறுத்துப் பிடிக்கும் என்று விற்கப்படும் 'கறுப்பு மருதாணி' மருதாணியே அன்று. அவற்றில் பலவற்றில் முடிச்சாயத்தில் சேர்க்கப்படும் பிபிடி என்ற வேதிப்பொருள் கலந்திருக்கிறது. அது தோலில் கொப்புளங்களை எழுப்பும், தழும்பும் தங்கிவிடலாம். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடும். பெருநாள் அன்று பிள்ளையின் விரலைப் புண்ணாக்கிவிட்டு நாம் என்ன பெருநாள் கொண்டாடுவது?

தோலில் ஏறிய நிறம் இரண்டு வாரத்தில் போய்விடும். நகத்தில் ஏறியது போகாது, வளர்ந்துதான் வெளியேறும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. ஷவ்வால் பிறை 1 முதல் துல்ஹஜ் 10 வரை 2 மாதமும் 9 நாளும். ஆக, நோன்புப் பெருநாளில் வைத்த சிவப்பு, ஹஜ்ஜுப் பெருநாள் வரும்போது நகத்தின் மேற்பாதியில் மட்டும் நிற்கும். அடியில் புது நகம் வெள்ளையாக எழுந்திருக்கும். வீட்டில் நாள்காட்டி இல்லாவிட்டாலும் விரலைப் பார்த்து மாதம் சொல்லலாம் என்பாள் என் மகள். குர்பானி கொடுக்க எண்ணியவர்கள் துல்ஹஜ் பிறை கண்டதிலிருந்து அறுக்கும்வரை நகமும் முடியும் களையாதிருக்க வேண்டும் என்பது உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் செய்தி. எனவே நகம் வெட்டுவதைப் பிறை காணும் மாலைக்கு முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். நகத்தை 40 இரவுகளுக்கு மேல் விட்டுவைக்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு அப்போதே சொல்லிவிடலாம். நீண்ட நகம்தான் அழகு என்று காணொளிகள் கற்பிக்கின்றன. குட்டை நகத்திலும் பிறை நன்றாகவே அமைகிறது.

இந்த வளர்ச்சிக் கணக்கை நான் கூர்ந்து பார்த்தது என் உம்மாவின் கையில்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஷவ்வால் பிறை 6இல் வாப்பா மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். உம்மாவின் பத்து விரலிலும் பெருநாள் மருதாணி அப்போதுதான் கறுத்து நின்றது. ஜனாஸாவுக்கு வந்த பெண்களில் ஒருவர் அந்த விரல்களைப் பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பால் அவற்றை மூடிவிட்டார். இத்தாவில் இருக்கும் பெண் நறுமணம், சுர்மா, சாயமிட்ட அலங்கார ஆடை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பதை உம்மு அத்திய்யா (ரலி) அறிவிப்பிலிருந்து அறிகிறோம். மருதாணி இடுவதும் அவ்வாறே என்பது அறிஞர்கள் கூற்று. ஆனால் முன்பே நகத்தில் ஊறியதை எதைக்கொண்டு அழிப்பது? அது தன் வேகத்தில்தான் போகும்.

உம்மா அறையில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதும்போது விரல்கள்தாம் என் கண்ணில் படும். ஒரு மாதத்தில் அடியில் வெள்ளை. ஹஜ்ஜுப் பெருநாளில் பாதி. நகம் வெட்டும் நாள்களில் அந்தத் துணுக்குகளை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு போய்த் தாமே மண்ணில் புதைப்பார்கள். 4 மாதமும் 10 நாளும் முடிந்த ஸஃபர் பிறை 16இல், இரண்டு கட்டைவிரல்களின் நுனியில் மட்டும் நூல்போலச் சிவப்பு மிஞ்சியிருந்தது.

அத்தோடு மருதாணி அவருக்கு முடிந்துவிட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். இதைத்தான் நான் கேட்க விரும்புகிறேன். தவணை நிறைவுற்றபின் அவர்கள் தம் விஷயத்தில் முறைப்படி செய்துகொள்வதில் குற்றமில்லை என்று அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் சொல்கிறது. இத்தாவுக்கு எல்லை வைத்தவன் அல்லாஹ். அந்த எல்லையை ஆயுள்வரை நீட்ட நமக்கு யார் உரிமை தந்தது? கணவனை இழந்தவள் வண்ணச் சேலை உடுத்தக் கூடாது, கைக்கு மருதாணி ஆகாது என்பதெல்லாம் நம்மைச் சுற்றியிருந்த வழக்கம் நம் முற்றத்துக்குள் வந்து அமர்ந்துகொண்டது. ஐந்து வேளையும் மார்க்கம் பேசும் வீடுகளில்கூட இதை யாரும் எழுப்பி அனுப்புவதில்லை.

அடுத்த நோன்புப் பெருநாள் இரவில், டேப்பில் வெட்டிய பிறைகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு மகள் உம்மாவின் அருகில் போய் அமர்ந்தாள்.

"உம்மம்மா, கையை நீட்டுங்க."

"எனக்கு எதுக்கும்மா? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"தப்பா உம்மம்மா?"

உம்மா என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் போலிருந்தது. "தப்பில்ல" என்று அவர்களே சொன்னார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தஸ்பீஹ் மணியை மடியில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்கள்.

"பிறையெல்லாம் வேணாம். அந்தக் காலத்து மாதிரி தொப்பி வச்சு விடு."

ஒன்பது விரல் ஆனதும் விழுது தீர்ந்துவிட்டது. மகள் தன் இடக்கை விரலில் அப்பியிருந்ததை வழித்தெடுத்து, உம்மாவின் சுண்டுவிரலில் வைத்தாள்.