மருந்தும் அளவும்

கீழ்பென்னாத்தூரில் செஞ்சி சாலையின் இரண்டு பக்கமும் மல்லாட்டை நிலங்கள். மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். காய் முற்றும் சமயத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கினால், விடிந்து போய்ப் பார்க்கும்போது நிலம் ஏர் ஓட்டியது மாதிரி கிடக்கும். அதற்காகத்தான் என் தாத்தாவிடம் ஒரு நாட்டுத் துப்பாக்கி இருந்தது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிரைக் காப்பதற்காகக் குழல் வாய்வழியே மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீதோடு வருவார். பன்றியைச் சுட 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விடாது. பெரும்பாலும் சத்தம் காட்டுவதற்குத்தான் அது.

ஆனால் சத்தத்துக்கென்றாலும் மருந்து மருந்துதான். கரிமருந்தை டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே மாட்டார். முந்தின வெடியின் பொறி உள்ளே கனன்றுகொண்டிருந்தால் நெருப்பு டப்பாவுக்கு ஏறிவிடும். ஒரு மூங்கில் கணுவை அளவாக வெட்டி வைத்திருந்தார். அதில் தலை தட்டி எடுத்து, முகத்தைக் குழல் வாய்க்கு நேராகக் காட்டாமல் ஊற்றுவார். மேலே தேங்காய் நார். பிறகு கம்பியால் கெட்டிப்பார். அந்தக் கம்பியில் இரண்டு கோடுகள் கீறியிருந்தன. ஒன்று வெறுங்குழலுக்கு, இன்னொன்று ஒரு வெடி கிட்டித்த குழலுக்கு. கம்பியை விட்டுப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏற்கெனவே கிட்டித்ததை மறந்து இன்னொரு தரம் கிட்டித்துவிட்டால், வெடிப்பது துப்பாக்கிதான்.

கிட்டிக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. நான் ஏதாவது கேட்டால், முடித்துவிட்டுத்தான் பதில் வரும். "மருந்துன்னு பேரு வெச்சதே அளவு தெரிஞ்சிக்கத்தான்டா கண்ணு" என்பார்.

அளவு மட்டும் போதாது என்பதும் ஊருக்குத் தெரியவந்தது. பக்கத்து ஊரில் ஒருவருக்குக் கரிமருந்து கிடைக்கவில்லை. யாரோ கொடுத்த கடைத் தோட்டாவைப் பிரித்து, உள்ளேயிருந்த மருந்தை எடுத்து, வழக்கமான அளவிலேயே கிட்டித்தார். குழல் பிளந்து இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. அளவு சரி, மருந்து வேறு. கரிமருந்து எங்கே வைத்தாலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எரியும். புகையில்லா மருந்து அப்படியில்லை. அடைபட்டு அழுத்தம் ஏற ஏற அதன் எரியும் வேகமும் ஏறும். அந்த வேகம் மேலும் அழுத்தத்தைக் கூட்டும். அதைத் தாங்குவதற்கென்றே செய்த எஃகில் அது வேலை செய்யும். பட்டறையில் அடித்த குழலில் முடியாது.

புகையில்லா மருந்து நமக்குத் தூரத்துப் பொருளல்ல. குன்னூருக்குப் பக்கத்தில், மலை ரயில் நிற்கும் அரவங்காட்டில் 1904லிருந்து கார்டைட் தொழிற்சாலை இருக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 தோட்டாவே 1888இல் கரிமருந்தோடு வந்து, சில ஆண்டுகளில் கார்டைட்டுக்கு மாறியதுதான்.

என் சித்தப்பா ராணுவத்தில் இருந்தவர். அவர் தூக்கியது 1ஏ1 எஸ்.எல்.ஆர். பெல்ஜியத்து எஃப்.என். ஃபால் துப்பாக்கியின் வழியில் வங்காளத்து இச்சாப்பூரில் செய்தது. 7.62 தோட்டா, மேகசினில் இருபது. லீவில் வந்தால் திண்ணையில் அப்பாவுக்கும் மகனுக்கும் இதே பேச்சுதான்.

"ஒரு வெடிக்கி இவ்ளோ நேரமா நைனா? எங்களுதுல ஒவ்வொரு தரமும் விசைய அமுத்தினா போதும், அதுவே அடுத்தத ஏத்திக்கும்."

"எது ஏத்துது?"

அதற்குச் சித்தப்பா சொன்ன பதில்தான் எனக்கு இன்றுவரை நினைவிலிருக்கிறது. குண்டைத் தள்ளிப் போகும் வாயுவில் ஒரு பங்கு குழலில் இருக்கும் சிறு துளை வழியாகத் திரும்பி வந்து பிஸ்டனைத் தள்ளும். அது பூட்டைத் திறந்து, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றும். அழுக்கு ஏறி ஓட்டம் மந்தமானால் ரெகுலேட்டரைத் திருகி வாயுவைக் கூட்டிக்கொள்வார்களாம். ஆக, அந்தத் தோட்டா எதிரியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. துப்பாக்கியையும் அதுதான் ஓட்டுகிறது. மருந்து குறைந்தால் துப்பாக்கி பாதியில் நிற்கும். ரொம்பக் குறைந்தால் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் போச்சு. "கம்மியா போட்டா பத்திரம்" என்ற கணக்கு அங்கே செல்லாது.

தாத்தா யோசித்துவிட்டு, "அப்போ மருந்த யாரு அளக்கறது?" என்றார்.

"ஃபாக்டரியிலதான் நைனா. நாங்க கோக்காவ எண்ணிக் குடுக்கறதோட செரி."

சுட்டு முடித்த காலிக் கூட்டைத்தான் ராணுவத்தில் கோக்கா என்பார்கள். ஒன்று குறைந்தாலும் ரேஞ்ச் முழுக்கத் தேட வேண்டும். தாத்தாவுக்கு அது திருப்தியாக இல்லை. "எவனோ அளந்தத நம்பி மூஞ்ச வெச்சிக்கினு சுடறீங்க" என்றார்.

எவனோ அளந்ததை நம்பாத இன்னொருவரை நான் பல வருடம் கழித்துப் பார்த்தேன். 2017இல் வேலை விஷயமாக அமெரிக்காவில் ஒஹையோவில் எட்டு மாதம் இருந்தேன். கூட வேலை பார்த்தவரின் அப்பாவிடம் ஒரு எம்1 கேரண்ட் இருந்தது. 1936இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட, எட்டுத் தோட்டா பிடிக்கும் துப்பாக்கி. இரண்டாம் உலகப்போரை அதைக்கொண்டுதான் நடத்தினார்கள். இப்போது அங்கே சாமானியர்கள் வாங்கலாம். ஈரி ஏரிக் கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் அதற்கென்றே ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. நம் நாட்டிலோ ராணுவத் தோட்டா நுழையும் .303, 7.62 துப்பாக்கிகள் தடைப்பட்டியலில் இருக்கின்றன. தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும்.

பெரியவர் கார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து தன் தோட்டாவைத் தானே தயாரித்தார். கடையில் கிடைக்கும் வேட்டைத் தோட்டாக்கள் எல்லாம் இந்தத் துப்பாக்கிக்கு ஆகாது என்றார். மெதுவாக எரியும் மருந்தாக இருந்தால், குண்டு வாயு துளையைத் தாண்டும் நேரத்தில் அங்கே அழுத்தம் மிஞ்சிப்போகும். பூட்டைத் திறக்கும் நீளமான தண்டு வளைந்துவிடும். கையால் இழுத்துப் போடும் துப்பாக்கியில் அதே தோட்டா ஒரு தொந்தரவும் தராது. கேப்பை விரலால் தடவிப் பார்ப்பார். கூட்டின் அடிமட்டத்துக்கு மேல் மயிரிழைகூடத் துருத்தக் கூடாது. கேரண்டின் சுடும் ஊசிக்குத் தடுத்து நிறுத்தும் வில் கிடையாது. பூட்டு வேகமாக முன்னே ஓடி மோதும்போது ஊசியும் போய்க் கேப்பைத் தட்டும். கேப் துருத்தியிருந்தால் பூட்டு சரியாக மூடுவதற்குள் வெடித்துவிடலாம். நான்கைந்து தரம் சுட்ட பித்தளைக் கூட்டை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால், அங்கே பித்தளை இழுபட்டு மெலிந்துவிட்டது என்று அர்த்தம். அது குப்பைக்குப் போகும்.

தராசில் மருந்தை நிறுக்கும்போது நான் ஏதோ கேட்டேன். பதில் இல்லை. ஐம்பது கூட்டிலும் மருந்தை ஊற்றி, ஒவ்வொன்றிலும் விளக்கைக் காட்டி மட்டம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து முடித்தபிறகுதான் நிமிர்ந்தார். தாத்தாவின் கம்பியில் இருந்த இரண்டு கோடு ஞாபகத்துக்கு வந்தது. ஒருவருக்கு மூங்கில் கணு, இன்னொருவருக்கு டிஜிட்டல் தராசு. இரண்டு பேருமே தாங்கள் கிட்டித்ததற்குப் பின்னால் தங்கள் கன்னத்தையே வைக்கப்போகிறவர்கள். தொழிற்சாலையில் அளப்பவர் கன்னத்தை வைக்கப்போவதில்லை. அதனால்தான் அங்கே ஒவ்வொரு தொகுதிக்கும் எண்ணும் சோதனையும் வேண்டியிருக்கிறது.

தாத்தா 2004இல் போனபிறகு துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டோம். பன்றிகள் குறையவில்லை. 2025 ஜனவரியில், காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அரசு அறிவித்தது. அவர்கள் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். இரையில் மறைத்த வெடி. கடித்தால் வெடிக்கும். அதிலும் மருந்துதான் இருக்கிறது, யாரோ அளந்துதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் வைத்தவர் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். கடிப்பது பன்றியா, மேயப் போன மாடா என்று அந்த வெடிக்குத் தெரியாது.

போன பங்குனியில் எங்கள் தெருவில் ஒரு கறவை மாட்டுக்குத் தாடை போனது. நான்கு நாள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் நின்றுகொண்டே இருந்தது. வைத்தவர் யார் என்று ஊரில் எல்லாருக்கும் ஒரு யூகம் உண்டு. யாரும் வாய் திறக்கவில்லை.