அதிமானுடரின் ஆடை

சித்திரக் கதைகளில் வரும் அதிமானுடர் பறப்பதையும் சுவரேறுவதையும் நாம் வாதமின்றி ஏற்றுக்கொள்கிறோம். அவர்கள் உடுத்திருப்பதை மட்டுமே கேலி செய்கிறோம். நீள்காற்சட்டைக்கு மேலே உள்ளாடை அணிந்தவன் என்று சுப்பர்மானைப்பற்றிச் சொல்லப்படும் பகிடி உலகப் பொதுவானது. மனிதன் தன் விருப்பம்போலப் பறத்தல் இயலாதது. ஆதலால் அதுபற்றி வழக்காட ஒன்றுமில்லை. ஆடையோ இயலக்கூடியது. தையல் தெரிந்த எவரும் நாளையே தைத்து அணியலாம். அணிந்தால் என்னவாகும் என்ற வினா அதனாலேயே கேட்கத்தக்கதாகிறது.

இவ்வாடை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் நோக்க வேண்டும். ஜெரி சீகல், ஜோ சூஸ்ரர் என்னும் இரு இளைஞரின் படைப்பான சுப்பர்மான் 1938 ஆம் ஆண்டில் அச்சேறினான். இன்று லைக்ரா என நாமறியும் இழுபடும் இழை 1958 இலேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே அவர்கள் கண்முன் இருந்த மாதிரி வேறு. அது சர்க்கஸ் பலசாலியின் உடை. உடலோடு ஒட்டிய பின்னலாடையையும் அதன்மேல் இடுப்பில் ஒரு குறுங்காற்சட்டையையும் அணிந்து அவன் எடை தூக்கினான். ஊஞ்சற் கலைஞர்கள் பறந்து பிடித்ததும் இத்தகைய பின்னலாடையிலேதான். தளர்ந்த துணி கயிற்றிற் சிக்கினால் உயிருக்கு ஆபத்து. நாம் நகைக்கும் அந்த ‘உள்ளாடை’ உண்மையில் உடலுழைப்பாளன் ஒருவனின் தொழிலாடை என்றே நான் கொள்கிறேன். பதிப்பாளருக்கும் இந்தப் பகிடி உறைத்திருக்க வேண்டும். 2011 இல் அதனை நீக்கினர். 2018 இல் மீண்டும் அணிவித்தனர்.

வடிவம் சர்க்கஸ் தந்தது. நிறமோ அச்சகம் தந்தது. மலிவான தாளில், சில மைகளைக் கொண்டு அச்சிடப்பட்ட பக்கத்தில் ஓர் உருவம் தனித்துத் தெரிய வேண்டுமெனின் சிவப்பும் நீலமும் மஞ்சளும் வேண்டியிருந்தன. தமிழ் வாசகர் வேதாளராக அறிந்த ‘பாண்டம்’ இதற்கு நல்ல சான்று. லீ பால்க் 1936 இல் அவரைப் படைத்தபோது அவ்வுடையைச் சாம்பல் நிறமாகவே எண்ணியிருந்தார். 1939 இல் ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கம் தொடங்கியபோது அது ஊதாவாயிற்று. வேறு நாடுகளில் அதே மனிதர் சிவப்பு உடையிலும் நீல உடையிலும் உலாவினார். காட்டில் மறைந்து வாழும் ஒருவருக்கு இம்மூன்றில் எந்த நிறம் பொருந்தும் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஈரங்கசியும் வெப்பக் காட்டில், தலைமுதல் கால்வரை மூடிய இறுக்கமான உடையில், வியர்வை உலர வழியின்றி அவர் பட்டிருக்கக்கூடிய அவதியையும் எவரும் எழுதவில்லை. 1950களில் சுப்பர்மான் தொலைக்காட்சியில் தோன்றியபோது, நடிகர் ஜோர்ஜ் ரீவ்ஸ் முதலில் அணிந்தது நீலமும் சிவப்பும் அன்று, பழுப்பும் சாம்பலும். கறுப்பு வெள்ளைத் திரையில் அவையே தெளிவாகத் தெரிந்தன. இவ்வாடை அணிபவனுக்காக அன்றிக் காண்பவனுக்காகவே பிறந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பை அணிந்து எவரும் வயலுக்குப் போவதில்லையே.

தோட்போர்வையின் கதை இவ்வளவு எளிதாகச் சிரித்துவிட்டுப் போகக்கூடியதன்று. இசடோரா டங்கன் என்னும் புகழ்பெற்ற நடனக் கலைஞர் 1927 இல் நீஸ் நகரில், தம் கழுத்திற் கிடந்த நீண்ட துணி மோட்டார் வண்டியின் சில்லிற் சிக்கியதால் உயிரிழந்தார். போர்வையை விரித்து மிதக்கும் பற்மானைப்பற்றி லெஸ்ரர் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் மாணவர் சிலர் 2011 இல் கணக்கிட்டுப் பார்த்தனர். 150 மீற்றர் உயரக் கட்டடத்திலிருந்து குதித்தால் அவன் மிதந்து செல்வது உண்மையே. ஆயினும் நிலத்தை அடையும்போது அவனது வேகம் மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றராக இருக்கும். அது மோட்டார் வண்டி மோதுவதற்கு ஒப்பானது. விளையாட்டாகச் செய்த கணக்குத்தான். ஆனால் அதே வினாவை ஒருவன் தன் உடலாற் கேட்டிருக்கிறான்.

பரிஸ் நகரில் தையற்காரனாக வாழ்ந்த பிரான்ஸ் ரைக்கெல்ற் என்பவனே அவன். விமானத்திலிருந்து விழுவோரைக் காக்கும் ஓர் அங்கியை, உடுத்திக்கொண்டே நடக்கக்கூடியதாயும் வேண்டும்போது விரியக்கூடியதாயும் தைத்துவிடலாம் என்று அவன் நம்பினான். பொம்மைகளுக்கு அணிவித்துச் சோதித்தான். 1912 பெப்ரவரி 4 ஆந் திகதி ஈபெல் கோபுரத்தின் முதற்றளத்திலிருந்து சோதனை நடத்தப் பொலிசார் அனுமதித்ததும் பொம்மைக்கென்றே. அவனோ அங்கியைத் தானே அணிந்து வந்தான். நண்பர் தடுத்தும் கேளாமல், 57 மீற்றர் உயரத்திலிருந்து, படப்பிடிப்புக் கருவிகளின் முன்னே குதித்தான். அங்கி விரியவில்லை. அந்தப் படச்சுருள் இன்றும் உண்டு. குதிக்குமுன் விளிம்பில் நின்று அவன் தயங்கும் நேரம் பார்ப்பவருக்கு மிக நீண்டதாகத் தோன்றும். ஒரு நூற்றாண்டு கழிந்து 2012 இல், கரி கொனரி என்ற பிரித்தானியர் சிறகுடை அணிந்து உலங்குவானூர்தியிலிருந்து குதித்துப் பரசூட் இன்றியே உயிருடன் தரையிறங்கினார். அவரைத் தாங்குவதற்குப் பதினெண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைப் பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. அதிமானுடன் போகுமிடமெல்லாம் முன்கூட்டியே பெட்டி அடுக்குவார் யார்?

கவசமாகத் தைத்தாலும் இடர் தீர்வதில்லை. 1989 இல் வெளிவந்த ‘பற்மான்’ திரைப்படத்தில் மைக்கல் கீற்றன் அணிந்த இறப்பர் உடையில் தலைமூடியும் தோளும் ஒன்றாயிருந்தமையால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பக்கத்திற் பார்க்க வேண்டின் உடல் முழுவதையும் திருப்பினார். இரசிகர் அதனைக் கம்பீரம் என்று எண்ணிக்கொண்டனர். 2008 இல் வந்த படத்தில் கதாநாயகனே தலை திருப்பக்கூடிய உடையொன்று வேண்டுமெனக் கேட்கிறான்.

இத்துடன் வழக்கு முடிந்தது, இவ்வாடை உதவாது என்று தீர்ப்பளித்துவிடலாம் போலும். ஆனால் மெக்சிக்கோ நகரத்தைப்பற்றிப் பேசாமல் அவ்வாறு தீர்ப்பளிப்பது நியாயமாகாது. அந்நாட்டில் முகமூடி மல்யுத்தம் மக்களின் பெருவிளையாட்டு. ‘எல் சாந்தோ’ என்னும் புகழ்பெற்ற மல்லர் 1984 இல் இறந்தபோது வெள்ளி முகமூடியுடனேயே அடக்கஞ் செய்யப்பட்டார். 1985 செப்ரெம்பரில் நிகழ்ந்த நிலநடுக்கம் பல்லாயிரவரை வீடற்றவராக்கியது. அதன் பின்னர் வாடகைக் குடியிருப்பாளரும் வீடிழந்தோரும் அமைப்பாகத் திரண்டனர். 1987 இல் அவர்களிடையே சிவப்புப் பின்னலாடையும் மஞ்சட் குறுங்காற்சட்டையும் முகமூடியும் தோட்போர்வையும் அணிந்த ஒருவர் தோன்றினார். தம்மைச் ‘சூப்பர்பாரியோ’ என்று அழைத்துக்கொண்டார். பாரியோ என்பது ஏழைகள் வாழும் குடியிருப்பைக் குறிக்கும் சொல்.

அவர் பறக்கவில்லை, எவரையும் அடிக்கவுமில்லை. குடியிருப்பாளரை வெளியேற்ற ஆட்கள் வரும் வீட்டின் முன்னால் நின்றார். அதிகாரிகளின் அலுவலகங்களுக்குப் பேச்சுவார்த்தைக்குச் சென்றார். மேலே குறைகளாக நாம் எண்ணியவை யாவும் அங்கே பயன்பட்டன. மறைய உதவாத சிவப்பு, கூட்டத்தையும் செய்தியாளரையும் வாசலுக்கு அழைத்து வந்தது. நூறு குடியிருப்பாளரை வெயிலிற் காக்க வைத்துப் பழகிய அதிகாரிக்கும், தோட்போர்வையுடன் எதிரே அமர்ந்திருப்பவரைக் கவனியாதிருத்தல் கடினம். பக்கப் பார்வையை மறைக்கும் முகமூடி, விலைக்கு வாங்குவதற்கோ தனியே மிரட்டுவதற்கோ ஒரு முகத்தைக் காட்டவில்லை. அதனுள்ளே இருந்தவர் ஒருவரல்லர், பலர் என்று சொல்வாரும் உளர்.

1996 இல் அவர் ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதிப் பதவிக்கும் தம்மை வேட்பாளராக அறிவித்துக்கொண்டு எல்லை கடந்து பிரசாரத்துக்குச் சென்றார். அந்நாட்டவரல்லாத அவருக்குச் சட்டப்படி அதற்குத் தகுதியில்லை என்பது அவரும் அறிந்ததே. உடையை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.