ஆளுக்கொரு பாடம்

மலேசியாவின் செலண்டாரைச் சுற்றியுள்ள தோட்டப்புறங்களில் தமிழ்ப்பள்ளியைப் பற்றிய பேச்சு ‘பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்’ என்ற கவலையோடுதான் தொடங்கும். இந்நாட்டில் 150 மாணவருக்குக் குறைந்த பள்ளி, ‘குறைந்த மாணவர் பள்ளி’. 30க்கும் கீழே போனால், இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்கார வைத்து இணைப்பு வகுப்பு நடத்துவார்கள். பலருக்கு அது பரிதாபமாகத் தெரிகிறது. எனக்கு, ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் முழுதாகப் பார்க்க வாய்த்த இடமாகத் தெரிகிறது.

அப்படியொரு வகுப்பில் நான் பாடம் நடத்தியபோது இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவன் இருந்தான். கழித்தல் கணக்கைப் பலகையில் எழுதினாலே தலை குனிந்துகொள்வான். அவன் அப்பா செம்பனை வெட்டுகிறவர். “அப்பா 52 குலை வெட்டினாரு, 17 குலைய லோரியில ஏத்திட்டாங்க. மிச்சம் எத்தனைடா?” என்று கேட்டேன். “முப்பத்தஞ்சு சார்” என்றான், யோசிக்காமலே. கணக்கு அவனுக்குள் இருந்தது, தாளில்தான் வரவில்லை. குலைகளைப் பத்துப் பத்தாக வரைய வைத்து, படத்துக்குப் பக்கத்தில் எண்ணை எழுத வைத்தேன். மெல்ல மெல்லப் படம் தேவைப்படாமல் போனது.

அதே அறையில், வீட்டில் மலாய் மட்டுமே பேசும் பிள்ளைக்கு எழுத்துக்கு முன்னால் கதை தேவைப்பட்டது. எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்துவிடும் சிறுமியிடம் மற்றவர்களுக்குக் கேள்வி தயாரிக்கச் சொன்னேன். முந்துகிற பிள்ளைக்கு அதே கணக்கை இன்னும் பத்து கொடுப்பது தண்டனைதான்.

நன்னூலில் பவணந்தியார் மாணாக்கரை அன்னம், கிளி, ஆடு, எருமை என்று தரம் பிரிக்கிறார். ஏழு வயதுப் பிள்ளையை அப்படித் தரம் பிரிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் கேட்பவன் எப்படி ஏற்றுக்கொள்வான் என்று அறிந்து, அவன் உள்ளம் கொள்ளும்படி கற்பிக்கச் சொன்னவரும் அவரே. ஆசிரியர் கையில் இருக்க வேண்டியது அந்தப் பகுதி.

பள்ளி மதிப்பீடும் மாறியிருக்கிறது. 2019இல் தொடக்கப்பள்ளியின் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தேர்வு நீங்கியது, 2021இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். ரத்தானது. இப்போது வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு தேர்ச்சி நிலைகளில் ஒன்று. அந்த எண்ணைக் கணினியில் நிரப்புவதோடு வேலை முடிந்தால் பழைய தேர்வே மேல். மூன்றாம் நிலையில் நிற்கும் பிள்ளைக்கு நாளைய பாடம் எப்படி மாறுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாற்பது பேர் உள்ள பட்டண வகுப்பில் இது கடினம், ஒத்துக்கொள்கிறேன். அங்கே குழுக் குழுவாகவாவது செய்யலாம்.

பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது ‘எத்தனையாவது இடம்?’ என்று கேட்காதீர்கள். ‘என் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, அதற்கு என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்று கேளுங்கள்.