ஓரத்தில் ஓடியவர்

கருக்களாச்சேரிக் கடற்கரையில் மாலைதோறும் சிறுவர்கள் பந்தாடுகிறார்கள். உலர்த்திய வலைகளுக்கு அப்பால் இரண்டு கம்புகளை நட்டால் அதுவே கோல். நாம் நடைபயிலச் செல்லும்போது சற்று நின்று பார்ப்பது வழக்கம். அவர்களுள் இடக்கால் ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். முழங்காலில் அடிபட்ட பின் அவன் ஆடுவதில்லை. கரையேற்றிய படகின் விளிம்பில் அமர்ந்து பார்த்திருப்பான்.

"இனி எனக்குப் பந்து இல்லை, மாமா" என்றான் ஒருநாள். அவனைத் தேற்ற எண்ணி, மைக்கேல் சூசைராஜின் கதையைச் சொன்னோம்.

குமரி மாவட்டத்தின் இரவிபுத்தன்துறை என்னும் மீனவ ஊரில் 1994-இல் பிறந்தவர் அவர். கடற்கரை மணலில் பந்து பழகியவர். மணலில் பந்து தானாக உருளாது. காலோடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும். அந்தப் பழக்கம் அவருடைய ஆட்டத்தில் தெரிந்தது. சென்னை சிட்டி அணியில் நடுக்கள வீரராக ஆடி, 2017-18 ஐ-லீக் போட்டிகளில் சிறந்த நடுக்கள வீரர் விருதைப் பெற்றார். அடுத்து ஜாம்ஷெட்பூர் அணியில் ஸ்பெயின் நாட்டுப் பயிற்சியாளர் சீசர் ஃபெராண்டோவின் கீழ் ஆடினார். 2019 ஜூன் மாதம் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியாவுக்காகக் களமிறங்கினார்.

அதன்பின் கொல்கத்தாவின் ஏடிகே அணி. அங்கும் ஸ்பெயின்காரரான அன்டோனியோ ஹபாஸ்தான் பயிற்சியாளர். அவர் மூன்று தடுப்பாளர்களை மட்டும் பின்னே நிறுத்தி, இடப்பக்க ஓரம் முழுவதையும் சூசைராஜிடம் ஒப்படைத்தார். தாக்கும்போது எதிரணியின் கோல் வரை ஓட வேண்டும். பந்து பறிபோனால் அதே வழியே திரும்பி ஓடி வந்து காக்க வேண்டும். நடுவில் நின்று விருது பெற்றவர் ஓரத்துக்கு மறுப்பின்றிச் சென்றார். 2020 மார்ச்சில் அந்த அணி ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது.

அதே ஆண்டு நவம்பர் 20. புதிய பருவத்தின் முதல் ஆட்டம், கேரள அணிக்கு எதிராக. கால்மணி நேரம் முடியுமுன்னே காயமுற்று வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு ஆட்டமில்லை.

"அன்றைக்கு அவுங்க அணி தோத்துப் போச்சா மாமா?"

"இல்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என வென்றது."

அவன் தலைகுனிந்தான். நாம் தேறுதலாக எண்ணிச் சொன்னது அவனைக் குத்திவிட்டது. தாம் இல்லாமலும் ஆட்டம் நடக்கிறது, வெற்றியும் கிடைக்கிறது என்பதல்லவா காயத்தைவிடப் பெரிய வலி! சூசைராஜ் பின்னர் களம் திரும்பினார், ஒடிசா அணிக்கும் ஆடினார் என்று அவசரமாகச் சேர்த்துச் சொன்னோம். "அவருக்கு டாக்டருங்க இருந்தாங்க" என்றான் அவன். மறுக்க நம்மிடம் சொல் இல்லை.

ஒருவர் நலமடைந்த கதை மற்றவருக்கு மருந்தாகிவிடும் என நாம் எளிதாக நம்பிவிடுகிறோம். அவன் கேட்டது கதையை அன்று. ஆட்டம் தொடரும்போது அருகில் அமர ஓர் ஆள். ஓரத்தில் ஓடி ஓடித் திரும்பிய அந்த வீரரிடம் நாம் கற்க வேண்டியிருந்ததும் அதுதானோ? பந்து இருக்குமிடத்தை விட்டு, ஆள் தேவைப்படும் இடத்துக்குத் திரும்பி வருவது.

இப்போது மாலைகளில் நாம் நடப்பது குறைந்துவிட்டது. படகின் விளிம்பில் இருவர் அமர இடமிருக்கிறது. காரைக்காலில் அவன் முழங்காலைக் காட்ட ஒரு நாளும் குறித்திருக்கிறோம்.