எனக்கு வாதம் படிக்கக் கற்றுக்கொடுத்த அக்காவுக்கு



உங்கள் பெயரைப் போட்டால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனாலும் இந்த நன்றியை நாலு பேர் அறியச் சொல்லத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் சேர பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கோ கிளாட் என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும், எல்லாமே ஆங்கிலத்தில். 2020-ல் தேர்வுமுறை மாறி, வாதங்களை ஆராயச் சொல்லும் லாஜிக்கல் ரீசனிங் பகுதியிலும் நீளமான பத்திகள் வந்தன. தமிழ் வழியில் படித்த எங்களுக்கு அந்தப் பகுதி நமக்கானதே இல்லை என்றுதான் பட்டது.

அதைக் கற்றுத்தர நீங்கள் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. தமிழ் நாளிதழின் தலையங்கத்தைக் கொடுத்து, "இவர் நம்மை எதை நம்பச் சொல்கிறார்? அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் கோடு போடு" என்றீர்கள். அடுத்து, அதற்கு அவர் காட்டும் காரணம். கடைசியில், இரண்டுக்கும் நடுவே அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்டது என்ன என்ற கேள்வி.

ஒரு பயிற்சி மைய விளம்பரத்தை வைத்து நடத்திய வகுப்பு இன்னும் நினைவிருக்கிறது. 'எங்களிடம் படித்த பலர் தேர்வாகியிருக்கிறார்கள். ஆகவே நீங்களும் இங்கே சேருங்கள்.' மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? தேர்வானவர்கள் முன்பே நன்றாகப் படித்தவர்களா? அங்கே சேராதவர்கள் எத்தனை பேர் தேர்வானார்கள்? கேட்கக் கேட்க அந்த 'ஆகவே' ஆட்டம் கண்டது. சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் சொன்னீர்கள்: அதை இல்லை என்று வைத்துப் பார், வாதம் விழுந்துவிட்டால் தேடியது அதுதான்.

இதைவிடக் கடினமானது இன்னொன்று. மதுவிலக்கு பற்றிய பத்தி வந்தபோது, குடியால் நொந்த வீடுகளிலிருந்து வந்த நாங்கள் கொதித்துப்போய் விடை குறித்தோம். நீங்கள் திட்டவில்லை. "மதுவிலக்கு வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இவர் காட்டும் காரணம் அதற்குப் போதாது" என்றீர்கள். நமக்குப் பிடித்த முடிவுக்கும் மோசமான வாதம் இருக்கலாம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. சட்டம் படிக்கிற ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுத்த கதையையும் உங்களிடம்தான் கேட்டேன். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பதில் தொடங்கி, போலி வாதங்களின் வகைகள் வரை மணிமேகலைக் காப்பியத்தின் 29-ஆவது காதையில் இருக்கின்றன. பாடநூலில் மணிமேகலை படித்த எங்களுக்கு இதை யாரும் சொன்னதில்லை. அதன் பிறகு தேர்வின் அந்த லாஜிக்கல் ரீசனிங் பகுதியைக் கண்டு நாங்கள் மிரளவில்லை. ஆங்கிலம் மட்டும்தான் பாக்கி. அது படிக்கப் படிக்க வந்தது.

இப்போது சட்டம் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. பேராசிரியர் ஷம்நாத் பஷீர் 2010-ல் தொடங்கிய ஐடிஐஏ அமைப்பில், சட்ட மாணவர்களே தன்னார்வலர்களாக எளிய வீட்டுப் பிள்ளைகளை கிளாட் தேர்வுக்குத் தயார்செய்கிறார்கள். அமைப்பில் சேர முடியாவிட்டாலும் பரவாயில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து அரசுப் பள்ளிக்குப் போய், இப்படி ஒரு தேர்வு இருப்பதைச் சொல்லுங்கள். கையோடு அன்றைய தமிழ் நாளிதழ் ஒன்றையும் எடுத்துப் போங்கள்.


உங்கள் மாணவி