ஹெனிக்கர்க் காடும் குருட்டுக் கருவியும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குக் கோடியில் நியூ ஹம்ஷயர் என்றொரு சிறு மாநிலம் உண்டு. அதன் தலைநகராகிய கொன்கோட்டுக்கு மேற்கே, கொன்ரூகுக் என்னும் ஆற்றின் கரையிலே ஹெனிக்கர் என்ற ஊர் அமைந்திருக்கிறது. லண்டன் வணிகர் ஒருவரின் பெயரை 1768 ஆம் ஆண்டிலே சூட்டிக்கொண்ட ஊர் அது. 'உலகில் ஒரேயொரு ஹெனிக்கர்' என்று அவ்வூரார் தம்மைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்வர். ஆற்றின் மேலே கூரை வேய்ந்த மரப்பாலம் ஒன்றும், ஒரு கல்லூரியும், குளிர்காலத்திற் பனிச்சறுக்கு ஆடுவோர் நாடிவரும் மலைச்சரிவும் அங்கே உண்டு. இலையுதிர் காலத்தில் மேப்பிள் மரங்கள் செக்கச் செவேலென்று நிற்கும் அழகை எழுத்தில் அடக்க எம்மால் இயலாது.

எனினும், நாம் அவ்வூருக்குச் சென்றது மரங்களைக் காண்பதற்காக அன்று. பொஸ்ரன் நகருக்கு அண்மையில் வாழும் எமது இளவலின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, அவருடைய பதினாறு வயது மகன் எம்மை விடவில்லை. "பெரியப்பா, பெயின்ற்போல் பிறந்த இடத்தைப் பார்க்காமல் ஊருக்குப் போகக்கூடாது" என்று ஒற்றைக் காலில் நின்றான்.

பெயின்ற்போல் என்பது வர்ணப்பந்து விளையாட்டு. ஜெலற்றின் தோலுக்குள்ளே வர்ணக் குழம்பை அடைத்த சிறு உருண்டைகளை அழுத்தக் காற்றினால் எய்து, எதிரணியினர் மேல் வர்ணம் படச் செய்வதே ஆட்டம். உருண்டையின் குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். மருந்துக்கடையில் வாங்கும் மீனெண்ணெய்க் குளிசையைச் சற்றுப் பெரிதாகக் கற்பனை செய்துகொண்டால் அதுவேதான். எய்யும் கருவியைத் துப்பாக்கி என்று அவர்கள் சொல்வதில்லை. மார்க்கர், அதாவது குறியிடும் கருவி என்பர். வெட்டவேண்டிய மரங்களுக்கும் பிரிக்கவேண்டிய மாடுகளுக்கும் தூரத்தில் நின்றே வர்ணக்குறி இடுவதற்காக உண்டான கருவி அது.

நகரத்து மனிதன் காட்டிலே பிழைப்பானா, நாட்டுப்புறத்தானுக்குத்தான் அத்திறமை உண்டா என்று நண்பர்களிடையே எழுந்த வாதமே அதனை விளையாட்டாக்கியது. எழுத்தாளர் சார்ள்ஸ் கெயின்ஸ், பங்குச்சந்தையிற் பணியாற்றிய ஹேய்ஸ் நோயெல், பொப் கேர்ன்சி ஆகிய மூவரும் ஏற்பாடு செய்ய, 1981 ஆம் ஆண்டு யூன் மாதம் 27 ஆம் நாள் ஹெனிக்கர்க் காட்டிலே பன்னிருவர் இறங்கினர். நான்கு இடங்களில் வைத்த கொடிகளில் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு காட்டைவிட்டு வெளியேறவேண்டும். வென்றவர் ரிச்சி வைற் என்ற காட்டுத் தொழிலாளர். அவர் ஒருமுறையேனும் எய்யவில்லை; எவர் கண்ணிலும் படவுமில்லை!

அந்தத் திகதியைக் கேட்டதும் எமது மனம் வேறொரு திசையிற் சென்றது. அதே யூன் மாதத்தின் முதல் நாள் விடிந்தபோது யாழ்ப்பாணத்து நூலகம் எரிந்துகொண்டிருந்தது. வெடியோசை கேட்டு ஓடிய தலைமுறை எமது. காற்றினால் இயங்குவதாயினும், பிள்ளையின் கையில் அக்கருவியைக் கண்டபோது எமக்கு உள்ளூரக் கூசியது உண்மை. இளவலுக்கும் அவ்வாறே இருந்திருக்க வேண்டும். அவர் காரைவிட்டு இறங்கவேயில்லை.

ஹெனிக்கரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள ஆட்டக்களம் ஒன்றுக்குச் சென்றோம். வாயிலிலே வேகமானி வைத்து ஒவ்வொரு கருவியையும் சோதிக்கின்றனர். நொடிக்கு 300 அடிக்கு மேல் உருண்டை பாயலாகாது. களத்தினுள் முகமூடியைக் கழற்றினால் அந்தக் கணமே வெளியேற்றி விடுவார்கள். இந்த ஒழுங்கைக் கண்டபின் எமக்குச் சற்று ஆறுதலாயிற்று.

ஆனால் பையனுக்கு ஆறுதல் இல்லை. அவனுடைய கருவி முதல் உருண்டையை எய்தது. அடுத்து வெறுங்காற்றை ஊதியது. மூன்றாம் முறை குழலின் வாயால் செம்மஞ்சட் குழம்பைக் கக்கியது. குளிர்காலத்தில் அயலார் முற்றங்களிற் பனி அள்ளிச் சேர்த்த பணத்தில், பள்ளித் தோழன் ஒருவனிடம் வாங்கிய பழைய கருவி அது. "அவன் என்னை ஏமாத்திப் போட்டான், பெரியப்பா" என்றான். கண்கள் கலங்கியிருந்தன. பணம் போனதைக் காட்டிலும் தோழன் போனதே அவனைச் சுட்டது போலும்.

களத்தின் ஓரத்திலே, வலைக்கு இப்பால், கருவி திருத்தும் முதியவர் ஒருவர் மேசை போட்டு அமர்ந்திருந்தார். காற்றுக் குப்பியைக் கழற்றி, உள்ளே எஞ்சிய காற்றையும் நிலத்தை நோக்கி வெளியேற்றிய பின்னரே அவர் கருவியைத் தொட்டார். அவர் விளக்கியதை நாம் விளங்கிக்கொண்டவாறு கூறுகிறோம்.

மின்னணு மார்க்கர் நொடிக்குப் பத்து உருண்டைக்கு மேலும் எய்ய வல்லது. அவ்வளவு விரைவாக மேலிருந்து உருண்டைகள் வந்து விழாவிட்டால், உள்ளே முன்னும் பின்னும் ஓடும் தண்டு பாதி விழுந்த உருண்டையை நறுக்கிவிடும். இதைத் தடுக்கவே அறையின் இருபுறமும் 'கண்' வைத்திருக்கிறார்கள். ஒருபுறம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசும்; மறுபுறம் அதனை வாங்கும். கதிர் தடைப்பட்டால் உருண்டை வந்துவிட்டது என்று பொருள். அப்பொழுதே எய்ய அனுமதி உண்டு. இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கதிரை உருண்டை மறைத்தாலும், அழுக்கு மறைத்தாலும், கதிரே பிறக்காவிட்டாலும் கருவிக்கு எல்லாம் ஒன்றுதான். 'உருண்டை இருக்கிறது' என்றே நம்பி எய்துவிடும்!

முதியவர் உருண்டைகள் யாவற்றையும் அகற்றிவிட்டு மின்னை மட்டும் இயக்கினார். அறை வெறுமையாயிருந்தும் கருவியின் சிறு விளக்கு உருண்டை உண்டு என்றே காட்டியது. முன்னதாகக் கண்ணின் வேலையை நிறுத்திவிட்டுப் பையன் மெதுவாக எய்து பார்த்தபோது கருவி ஒழுங்காக இயங்கியது. ஆகவே காற்றிலும் தண்டிலும் குற்றமில்லை, குற்றம் கண்ணிலேதான் என்றார். பக்கத்து மூடிகளைத் திறந்து, காய்ந்த குழம்பையும் ஜெலற்றின் தோலையும் ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைத்தார். நூற்றுக்குத் தொண்ணூறு வழக்குகள் இவ்விடத்தில் முடிந்துவிடும் என்று சிரித்தார். இவ்வழக்கு முடியவில்லை.

பின்னர் தமது கைத்தொலைபேசியின் கமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் கமராவில் மங்கிய ஊதா நிறமாகத் தோன்றும். மாணவர்கள் வீட்டிலிருந்தே இதைச் சோதிக்கலாம்: தொலைக்காட்சியைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவியின் நுனியைக் கமராவுக்குக் காட்டி விசையை அழுத்துங்கள். பின்புறக் கமராவில் தெரியாவிட்டால் முன்புறக் கமராவில் முயலுங்கள். சில தொலைபேசிகளில் அக்கதிரைத் தடுக்கும் வடிகட்டி உண்டு.

எமது பையனின் கருவியில் ஊதாவும் இல்லை, ஒன்றும் இல்லை. புதிய பற்றரி இட்டும் அதே இருள். கதிர் வீசும் பக்கத்துக்கு மின்னே செல்லவில்லை என்பது தெளிவாயிற்று. கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தார் முதியவர். மயிரிழை போன்ற கம்பி ஒன்று கைப்பிடிக்கும் உடலுக்கும் இடையே நசுங்கி அறுந்து கிடந்தது.

"இதை அண்மையில் யார் திறந்தது?" என்று அவர் கேட்டார்.

பையன் சற்றுநேரம் பேசவில்லை. சென்ற வாரம் துப்புரவு செய்வதற்காகத் தானே திறந்து பூட்டியதாகப் பின்னர் மெல்லச் சொன்னான். முதியவர் ஏளனம் செய்யவில்லை. கம்பியை ஈயம் உருக்கி ஒட்டி, நாடா சுற்றி, அதற்குரிய பள்ளத்திலே படுக்கவைத்து, பூட்டும்போது விரலால் தள்ளிப் பிடிக்கும் விதத்தைப் பையனையே செய்யவைத்தார். ஓர் உருண்டையை உள்ளே இட்டதும் விளக்கு மாறியது. எடுத்ததும் மீண்டும் மாறியது. ஐந்து முறை அவ்வாறு செய்து பார்த்த பின்னரே காற்றுக் குப்பியைப் பூட்ட விட்டார். கூலியாக அவர் வாங்கியது ஒரு கோப்பைக் கோப்பிக்கான காசு மட்டுமே.

களத்துக்கு ஓடுவான் என்று நாம் எதிர்பார்த்தோம். அவனோ தொலைபேசியை எடுத்துக்கொண்டு கார் நின்ற பக்கம் தனியே சென்றான். காலையிலேயே தோழனுக்குக் கடுமையாக ஏதோ எழுதியனுப்பிவிட்டானாம். அவர்கள் பேசியது எமக்குக் கேட்கவில்லை. நெடுநேரம் பேசினார்கள். திரும்பி வரும்போது அவனோடு இளவலும் காரைவிட்டு இறங்கி வந்து, வலையருகே எமக்குப் பக்கத்தில் நின்றார்.

ஆட்டம் தொடங்கியது. திருத்திய கருவி நன்றாகவே எய்தது. ஆனால் மேப்பிள் மரமொன்றின் பின்னால் அசையாது பதுங்கியிருந்த சிறுமி ஒருத்தி, கையால் இழுத்து ஒவ்வொன்றாக எய்யும் பழைய மாதிரிக் கருவியினால், நான்கே நிமிடத்தில் நம்மவன் முகமூடியின் நடுவே நீல வர்ணம் பூசிவிட்டாள். கையை உயர்த்திக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, இளவல் அன்று முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார்.